ஒடியோலையும் கணிப்பொறியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி வனத்திலே அவதரித்த கோதை நாச்சியார், நாச்சியார் திருமொழியின் பத்தாம் திருமொழியில் மழையை விளித்துத் தம் ஆற்றாமையைக் கூறுமிடத்து, வார்ப்புப் பட்டறையிலிருந்து ஓர் உவமையை எடுத்தாளுகிறார். புறத்தே மண்ணைப் பூசிச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வழிந்துபோகும். மண்கூடு மட்டும் வெறுமையாய் நிற்கும். திருவேங்கடமுடையானிடத்துத் தம் உள்ளம் கொண்ட உருக்கத்தைப் புலப்படுத்த நாச்சியார் தேர்ந்தது இந்தக் காட்சியையே. மெழுகு வார்ப்பை அறிந்த ஊரிலன்றி இவ்வுவமை பிறந்திராது; கேட்பவர்க்கும் அத்தொழில் தெரிந்திருந்தாலன்றி விளங்கியிராது. உலோகத் திருமேனி வார்க்கும் கலைக்குத் தமிழிலக்கியத்தில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊரிலிருந்தே எழுந்தது என்பது இவ்வட்டாரத்து அன்பர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

இம்முறைக்கு வடநூலார் இட்ட பெயர் மதூச்சிஷ்ட விதானம் என்பது. மது என்றால் தேன். உச்சிஷ்டம் என்றால் எஞ்சியது. தேனை எடுத்தபின் எஞ்சுவது மெழுகு. மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் இவ்விதானத்தைக் கூறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசமும் இதனை விரித்துரைக்கிறது. மெழுகை முதலில் நிறுத்துக்கொண்டு, அதன் எடையைப் பெருக்கியே உருக்க வேண்டிய உலோகத்தின் எடையைக் காணவேண்டும் என்றும், செம்புக்கும் வெள்ளிக்கும் பொன்னுக்கும் பெருக்கும் மடங்கு வேறு என்றும் அந்நூல் விதிக்கிறது. மெழுகைவிட வெண்கலம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது என்று இன்றைய பௌதிக நூல் சொல்லும் கணக்கும் அதே வழியில் செல்வதே.

கருவறையில் கல்லால் அமைந்த மூலவர் அசையாதவர். நடக்க மாட்டாத முதியோருக்கும், கோயிலுக்குள் வர வாய்ப்பில்லாதோருக்கும் வீதிதோறும் காட்சி தரவேண்டி இறைவன் ஏற்றுக்கொண்ட வடிவமே உற்சவ மூர்த்தம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருத்தேரில் எழுந்தருளும் ஆண்டாளையும் ரெங்கமன்னாரையும் கண்டு கண்பனிக்காதவர் யார்? திருச்சுழியில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய பெருமானுக்குத் திருமேனிநாதர் என்பதே திருநாமம். சிலை என்று வாளா சொல்லாது திருமேனி என்று சொல்லும் தமிழ் வழக்கின் உயர்வு அப்பெயரிலேயே விளங்கும். திருத்தங்கல், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் அங்குள்ள திருக்கோயிலில் செம்புத் திருமேனிகள் எழுந்தருளி, திருவிழாக் காலத்தில் வீதியுலாக் கொண்டருளுகின்றன.

ஆயினும் குடமுழுக்கை ஒட்டிப் புதிய உற்சவ மூர்த்தியை வார்க்க விழையும் இவ்வட்டாரத்து உபயதாரர்களுள் பலர் காவிரிக்கரைச் சுவாமிமலையை நாடுவதே வழக்கம். இதற்கு மரபொழிய மண்ணும் ஒரு காரணம். விருதுநகரைச் சூழ்ந்த கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. மழையில் பருத்து, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது. மெழுகின்மேல் அதனைப் பூசினால் உலரும்போதே விரிசல் காணும். காவிரி கொணர்ந்து படிவிக்கும் வண்டலோ நுண்மையானது, நகக்கீற்று அளவான கோட்டையும் விடாது பற்றிக்கொள்வது, சூட்டிலும் நிலைகுலையாதது. தஞ்சையிலும் தாராசுரத்திலும் சோழர் எடுப்பித்த பெருங்கோயில்களில் பணியாற்றிய சிற்பியர் வழியினர் சுவாமிமலையில் தங்கிவிட்டனர் என்று மரபுவழிச் செய்தி கூறும். அவர்களைத் தங்கவைத்தது அம்மண்ணே போலும். அவ்வூர்த் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றுள்ளது.

பட்டறை என்றவுடன் பெரிய தொழிற்சாலை நினைவுக்கு வரலாம். சுவாமிமலையில் அப்படியன்று. வீட்டின் முன்கட்டிலோ பின்கட்டிலோதான் உலை. தந்தை மெழுகைப் பிடிக்க, மகன் மண்ணை அரைக்க, உறவினர் உளி பிடிக்க, குடும்பமே பட்டறையாய் இருப்பது அங்கே மரபு. அவ்வீட்டில் முதன்முதலாகக் கையிலெடுக்கப்படும் கருவி உளியுமன்று, மெழுகுமன்று. ஒரு தென்னையோலைக் கீற்று. செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்துக்கு அக்கீற்றை நறுக்கிக்கொள்வர். பின் அதனை மடித்து மடித்துச் சம பாகங்களாகப் பிரிப்பர். ஒடித்து மடிப்பதால் அதற்கு ஒடியோலை என்று பெயர். பிரம்மா, விஷ்ணு, சிவன் ஆகிய மூவர்க்கும் உத்தம தசதாலம். அதாவது உயரம் 124 பாகம். உமை, இலக்குமி முதலிய தேவியர்க்கு மத்திம தசதாலம், 120 பாகம். இந்திரன் முதலான தேவர்க்கு அதம தசதாலம், 116 பாகம். டி. ஏ. கோபிநாதராவ் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாலமானம் பற்றிய நூலில் இவ்வளவைகளை ஆகமங்களினின்றும் தொகுத்துத் தந்துள்ளார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த 124 பாகங்களுள் ஒன்றுக்கு அங்குலம் என்று பெயர். ஆனால் அது கடைக்காரர் துணி அளக்கும் அங்குலமன்று; ஸ்தபதியாரின் விரலுமன்று. தேகலப்தாங்குலம், அதாவது அத்திருமேனியின் உடலிலிருந்தே பெறப்பட்ட அங்குலம். ஒரு சாண் உயரமுள்ள சிவபெருமானுக்கு ஓர் அங்குலம். ஆளுயரப் பெருமானுக்கு வேறோர் அங்குலம். ஓலையின் நீளம் மாறினால் முகமும் மார்பும் கரமும் திருவடியும் தாமே ஒத்து மாறிவிடும். அளவு வெளியிலிருந்து வருவதில்லை, உருவத்தினுள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டால், பின்வரும் கணிப்பொறிச் செய்தி முற்றும் எளிதில் விளங்கும்.

உயரத்தையும் மனம்போல் வைத்துக்கொள்வதில்லை. கருவறை வாயில், மூலவரின் அளவு ஆகியவற்றோடு பொருத்தம் பார்த்து, ஆயாதிக் கணக்கும் இடுவர். காட்டாக, நீளத்தை எட்டால் பெருக்கி இருபத்தேழால் வகுக்க எஞ்சும் மீதி நட்சத்திரத்தைக் காட்டும். கோயிலுக்கும் ஊருக்கும் கர்த்தாவுக்கும் அது இசைய வேண்டும். இசையாவிடில் ஓலையைச் சிறிது நறுக்கி மீண்டும் கணக்கிடுவர்.

அளவைப் போற்றியதில் சோழப் பேரரசர்க்கு நிகர் யாருமில்லை. இராசராச சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற திருமேனிகள் 60-க்கும் மேற்பட்டவை கல்வெட்டுகளில் குறிக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொன்றும் திருவடி முதல் திருமுடி வரை எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கரங்கள் எத்தனை, கனமாக வார்த்ததா, உட்பொள்ளலா, பீடத்தின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு என்பன எல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டன. அளந்த முழக்கோலும் அக்கோயிலுக்கே உரிய முழக்கோல் என்று சாசனம் கூறும். அத்திருமேனிகளுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. அளவுகள் மட்டும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

இனி வார்ப்பு. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டிக் காய்ச்சிப் பதமாக்கிய மெழுகில் முதலில் தலை, உடல், கரம், கால் எனத் தனித்தனியே உருப்பிடிப்பர். ஓலையை வைத்துச் சரிபார்த்துச் சூடேற்றிய இரும்பினால் அவற்றை ஒட்டுவர். இடைக்கட்டும் முத்தாரமும் கைவளையும் மெழுகு இழைகளே. தியான சுலோகத்தில் சொல்லிய ஆயுதங்களும் முத்திரைகளும் ஒவ்வொன்றாகச் சேரும். பின்னர் உலோகம் உட்புகவும் காற்று வெளியேறவும் வேண்டிய வழிகளை மெழுகுத் தண்டுகளால் அமைத்து, அரைத்த வண்டலை மெல்லிதாகப் பூசி நிழலில் உலர்த்துவர். முதற்பூச்சே முகத்தைக் காப்பது. ஆதலால் அதில் அவசரம் கூடாது. அதன்மேல் மணல் கலந்த மண்ணால் பின்னும் இரண்டொரு பூச்சு. பெரிய திருமேனியாயின் இரும்புக்கம்பிக் கட்டும் உண்டு. நன்கு உலர்ந்தபின் வரட்டித் தீயில் வாட்ட, மெழுகு உருகி ஓடிவிடும். சூடு ஆறுமுன் அச்சை மண்ணில் புதைத்து, வாயை மேல்நோக்கி வைத்து, மூசையில் உருகிய உலோகத்தை அறுபடாத ஒழுக்காக ஊற்றுவர். செம்பு 1085 பாகை சென்டிகிரேடில் உருகும். பிற உலோகங்கள் கலந்தால் அச்சூடு சற்றுக் குறையும். பஞ்சலோகம் என்ற பெயர் வழங்கினும் பெரும்பங்கு செம்பே. பொன்னும் வெள்ளியும் அன்பர் கொடுத்த அளவுக்குச் சிறு துளி சேரும். வார்க்கும் வேளையில் பெண்கள் மூக்குத்தியையும் மோதிரத்தையும் கழற்றி மூசையில் இடுவதைக் கண்டோர், உபயம் என்ற சொல்லின் பொருளைப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை.

அச்சில் ஈரம் ஒரு துளியேனும் எஞ்சியிருந்தால் உலோகம் பட்ட கணத்தில் நீர் ஆவியாகிப் பொங்க, உலோகம் வெடித்துச் சிதறும். சிவகாசி அன்பர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கினர். மழை குன்றிய இவ்வூரின் வறண்ட காற்றே அத்தொழிலுக்கும், அடுத்து வந்த பட்டாசுத் தொழிலுக்கும் துணைநின்றது. உலோகப் பொடியும் நெருப்பும் ஈரமும் ஒன்றையொன்று எப்பொழுது பொறுக்கும், எப்பொழுது பொறுக்கா என்பது இவ்வட்டாரத்தில் தலைமுறையாய்ப் பழகிய அறிவு. வீட்டுப் பட்டறையில் உலோகம் உருக்க விரும்பும் இளைஞர் முதலில் கற்க வேண்டியது அதுவேயாகும்.

அத்தகைய இளைஞர் இன்று உளரா எனின், உளர். அவர்கள் கையில் இருப்பது ஒடியோலையன்று, கணிப்பொறி. அதன் வரலாறு நீண்டதன்று. 1963-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்டு என்பார், ஒளிப்பேனாவால் திரையின்மேல் கோடு வரையவும், வரைந்ததைத் திருத்தவும் வல்ல ஸ்கெட்ச்பேட் என்னும் முறையை உருவாக்கினார். அதில் ஒரு கோட்டுக்கும் மற்றொரு கோட்டுக்கும் உள்ள உறவையே கணிப்பொறிக்குக் கற்பிக்கலாம். ஒன்றை மாற்றினால் உறவு கெடாமல் மற்றவையும் மாறும். தேகலப்தாங்குலத்தை அறிந்த ஸ்தபதியார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அதே பத்தாண்டில் பிரான்சு நாட்டு ரெனோ கார்த் தொழிற்சாலைப் பொறியாளர் பெசியே, வளைந்த பரப்புகளை எண்களால் குறிக்கும் வழியைப் பரப்பினார். 1982-இல் ஆட்டோகேட் வந்தது. 1980-களில் சார்லஸ் ஹல் என்பார், ஒளி பட்டால் இறுகும் திரவத்தைப் படலம் படலமாக இறுகச் செய்து உருவம் எழுப்பும் பொறியை அமைத்தார். பின் இருபது ஆண்டுகளில் அவ்வகைப் பொறி மேசைமேல் அடங்குமளவு சிறுத்து, விலையும் குறைந்து வீடுகளுக்குள் நுழைந்தது. பிளெண்டர் போன்ற வடிவமைப்புச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நகைப் பட்டறைகளில் இன்று இதுவே பெருவழக்கு. திரையில் மோதிரத்தை வரைந்து, மெழுகிலோ மெழுகையொத்த ரெசினிலோ அச்சுப்பொறியால் எடுத்து, அதன்மேல் காரை ஊற்றிச் சுட்டு, பொன்னை வார்க்கின்றனர். சிறு திருமேனிகளுக்கும் இவ்வழி பொருந்தும். உலோகம் ஆறும்போது சுருங்கும். வெண்கலத்துக்கு அச்சுருக்கம் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை. பழைய ஸ்தபதியார் இதனைக் கைப்பழக்கத்தால் ஈடுசெய்தார். கணிப்பொறிக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். மெழுகின் எடை, உலோகத்தின் எடை, ஆயாதி மீதி எல்லாம் இமைப்பொழுதில் வந்துவிடும். ஆனால் பொறியில் எடுத்த ரெசின் மெழுகைப்போல் எளிதில் விட்டுப் போவதன்று. தேன்மெழுகு 65 பாகைக்குள் உருகி ஓடிவிடும். ரெசினோ உருகாமல் எரிய வேண்டியது. 700 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். சூடேறுகையில் பருத்து அச்சைப் பிளப்பதும் உண்டு. சாம்பல் எஞ்சினால் திருமேனியின் மேனியில் குழி விழும். நாச்சியார் கண்ட உவமை இங்கே பொருந்தாது.

பேருருவங்களிலும் கணிப்பொறி புகுந்துவிட்டது. ஐதராபாத்தை அடுத்த முச்சிந்தலில் 2022 பிப்ரவரி 5-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற 216 அடி உயர இராமானுசர் திருவுருவத்துக்கு, ஸ்தபதியார் வகுத்த சிறு மாதிரியைக் கணிப்பொறியால் அளந்து பெரிதாக்கி, சீன நாட்டில் துண்டு துண்டாக வார்த்துக் கொணர்ந்து இங்கே இணைத்தனர். மறுபுறம், 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டை முன்னிட்டுத் தில்லிப் பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பெற்ற 27 அடி உயர நடராசர், சுவாமிமலையில் இராதாகிருஷ்ண ஸ்தபதியார் குழுவினரால் ஏழு மாதங்களில் மெழுகு முறையிலேயே செய்யப்பெற்றார்; எடை 18 டன். தில்லை, கோனேரிராசபுரம், தஞ்சை ஆகிய திருத்தலங்களின் நடராசர்களே அதற்கு முன்மாதிரி. உயரத்தை வைத்து நோக்கின் முன்னது பெரிது. தொழிலை வைத்து நோக்கின் பின்னதை வியவாமல் இருத்தல் அரிது.

கணிப்பொறிக்கு இயல்பாகவே ஒரு சோம்பல் உண்டு. பாதி முகத்தைச் செய்துவிட்டால் மறுபாதியைக் கண்ணாடி நிழல்போல் தானே செய்துகொள்ளும். இரு கண்ணும் இரு புருவமும் மயிரிழை பிசகாது ஒத்து நிற்கும். அப்படி அமைந்த முகத்தில் அருள் தோன்றாது. பொம்மையின் பொலிவே தோன்றும். சோழர் காலத்துத் தேவியர் திருமேனிகளில் இடை ஒருபுறம் ஒசிய, தோள் மறுபுறம் சாய, தலை மீண்டும் திரும்பி நிற்கும் திரிபங்க நிலையை நோக்குக. நடுச் சூத்திரக் கயிறு எங்கெங்கு உடலைத் தொட வேண்டும், எங்கெங்கு எத்தனை அங்குலம் விலக வேண்டும் என்று சாத்திரம் வகுத்துள்ளது. அந்த விலகலை எண்ணாகக் கணிப்பொறிக்குக் கொடுக்கலாம்தான். எனினும் அதற்குமேல் இதழோரத்தில் நிற்கும் குமிழ்நகைக்கு எண் இல்லை. ஆதலின் கணிப்பொறியை ஒடியோலையின் இடத்தில் வைப்பதில் குற்றமில்லை. ஸ்தபதியாரின் விரலிடத்தில் வைப்பது தகாது. அளவுவரை பொறி செய்யட்டும். முகத்தைக் கைமெழுகில் முடிப்பதே முறை. உபயதாரர் இதனை முன்னரே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

படியெடுத்தல் பாவம் என்று இதனால் கொள்ளற்க. படியெடுத்தலால் வாழும் ஊர் சிவகாசி. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய முருகனும் மீனாட்சியும் இலக்குமியும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகப் பெருகி, தமிழர் வாழும் வீடுகளுக்கெல்லாம் சென்றனர். கல்லச்சு போய் ஆப்செட் வந்தது. கையால் வண்ணம் பிரித்தது போய்க் கணிப்பொறி வந்தது. அப்படங்களின் முன் ஏற்றிய விளக்குகளுக்குக் கணக்கில்லை. ஏற்றியவர் பக்தியில் குறையுமில்லை. அங்கே மூலமும் படியும் வெவ்வேறு என்பது யாவர்க்கும் தெரியும். ஒன்றை ஒன்றென்று காட்டி ஏமாற்றுவார் இல்லை. கேடு விளைவது ஏமாற்றத்தில்தான்.

அதற்குச் சிவபுரம் சான்று. கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் 1951-இல் நிலத்தடியிலிருந்து நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டுக் கோயிலில் எழுந்தருளின. சில ஆண்டுகளில் செப்பனிடுவதற்கென்று அவை வெளியே கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தது நடராசர் அல்லர். அவர் போன்ற புதுவார்ப்பு. உண்மைத் திருமேனி கைமாறிக் கைமாறிக் கடல்கடந்தது. ஊரார் அறியாது அப்புதுவார்ப்பை வணங்கிவந்தனர். 1965-இல் டக்ளஸ் பாரெட் என்னும் ஆங்கில அறிஞர் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி எழுதிய நூலில் இதனைச் சுட்டிய பின்னரே உலகுக்குத் தெரிந்தது. 1973-இல் அமெரிக்க நாட்டு நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதனை விலைக்கு வாங்கியிருந்தது. இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு கண்டு, 1986-இல் நடராசர் தாயகம் திரும்பினார். கணிப்பொறி இல்லாத காலத்திலேயே கைவல்லான் ஒருவனால் இத்தனையும் நிகழ்ந்தது. அன்று அக்கோயிலில் ஒரு திருமேனியின் அளவும் எடையும் படமும் முறையாகப் பதிந்து வைத்திருந்தால், புதுவார்ப்பு வந்த அன்றே பிடிபட்டிருக்கும் அன்றோ?

மெழுகு முறையில் ஒரு காவல் இயல்பாகவே அமைந்திருந்தது. மெழுகு உருகிப் போய்விடும்; மண் அச்சை உடைத்தாலன்றித் திருமேனி வெளிப்படாது. எனவே ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனியே. அதே ஸ்தபதியார் அதே ஓலையைக்கொண்டு மீண்டும் செய்தாலும் இரட்டையராகாது, உடன்பிறந்தாரே ஆவர். கணிப்பொறியில் கிடக்கும் அச்சோ உடைவதில்லை. வார்த்து முடிந்தபின்னும் அக்கோப்பு பட்டறையில் இருக்கும். மின்னஞ்சலில் ஒரு நொடியில் வேற்றூர் செல்லும். எவரும் எத்தனை முறையும் வார்க்கலாம். திருமேனிக்குப் பூட்டும் காவலும் அமைக்கும் திருக்கோயிலார் இக்கோப்பை மறந்துவிடுதல் ஆகாது. கணிப்பொறிவழித் திருமேனி செய்விக்கும் உபயதாரர் கூலி பேசும்போதே, கோப்பு கோயிலுக்கு உரியது, பட்டறையில் படி வைத்தல் கூடாது என்று எழுதி வாங்குதல் இன்றியமையாதது.

கோப்பை அழித்துவிடலாமே என்பாரும் உளர். அது சரியன்று. படம் இருந்தமையாலேயே மீண்ட திருமேனிகள் பல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களின் நடுப்பகுதி முதல் தமிழகக் கோயில்கள்தோறும் சென்று எடுத்துவைத்த ஒளிப்படங்கள், களவுபோன திருமேனிகளை அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் அடையாளம் காட்டப் பெரிதும் துணைநின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கிய நடராசர் 2014 செப்டம்பரில் திரும்பியது அண்மைக்காலச் செய்தி. ஒளிப்படம் ஒரு பக்கத்தையே காட்டும். ஒளிவருடியால் எடுத்த முப்பரிமாண அளவோ முன்னும் பின்னும், உளி விழுந்த தடமும், வார்ப்பில் நேர்ந்த சிறு மருவும் எல்லாம் காட்டும். எத்துணைக் கைவல்லானும் அம்மருவைப் படியெடுக்க எண்ணான். புதிய திருமேனிக்கு மட்டுமன்றி, பன்னூறாண்டுகளாக எழுந்தருளியிருக்கும் பழந்திருமேனிகளுக்கும் இவ்வாறு அளவெடுத்து, எடையுடன் கோயிற் பதிவேட்டில் சேர்த்து, படியொன்றை அறநிலையத் துறையினரிடம் ஒப்படைத்தல் குடமுழுக்குத் திருப்பணியின் ஓர் அங்கமாகவே கொள்ளத்தக்கது. விமானத்துக்கு வண்ணம் பூசும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும். இராசராசன் கல்லில் வெட்டியதும் இதுவே. அவன் அளவை மறைக்கவில்லை, ஊரறியப் பொறித்தான்.

வார்ப்பு எவ்வழியில் நிகழ்ந்தாலும் கண் மட்டும் கடைசிவரை திறவாதிருக்கும். பிரதிஷ்டைக்கு முன் நன்னாளில் திரைமறைவில் நயனோன்மீலனம் நிகழும். ஸ்தபதியார் நீராடி நோன்பிருந்து, பொன்னூசியால் கருவிழியின் கோட்டைத் தீட்டுவார். அக்கோட்டைக் கணிப்பொறியில் முன்கூட்டியே வரைந்துவிடுதல் விதிக்கு மாறு என்பதை வடிவமைப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். விழியை வெறும் பரப்பாகவே விட்டுவைத்தல் முறை. கண் திறந்த திருமேனியின் முன் பசுவும் கன்றும், நெற்குவியல், கன்னிப் பெண்கள், கண்ணாடி ஆகியவை முதற்காட்சியாகக் காட்டப்பெறும். அதன்பின் ஸ்தபதியார் புத்தாடையும் சம்பாவனையும் பெற்று விலக, திருமேனி சிவாசாரியார் பொறுப்பில் நீரிலும் நெல்லிலும் அதிவாசம் கொண்டு, யாகசாலைக்கு எழுந்தருளும்.